மணல் இல்லாத மீன் தொட்டி: அடிக்கண்ணாடிக்குப் பெயின்ட் அடிப்பதும் அன்றாடப் பராமரிப்பும்

கோல்டு ஃபிஷ் விழித்திருக்கும் நேரமெல்லாம் மேயும்; மேய்ந்ததைக் கழித்துக்கொண்டே இருக்கும். டிஸ்கஸ் குஞ்சுகளுக்கு நாளுக்கு ஐந்தாறு வேளை தீனி போக வேண்டும். ஃபிளவர்ஹார்னும் ஆஸ்கரும் பெல்லட் எனும் உருண்டைத் தீனியைக் கடித்து நொறுக்கும்போது ஒரு பங்கு தூளாகிச் செவுள் வழியே வெளியே வந்துவிடும். இந்த மீன்களின் தொட்டியில் கூழாங்கல் பரப்பினால், கழிவும் மிச்சத் தீனியும் கல்லிடுக்கில் இறங்கி, கண்ணுக்குத் தெரியாமல் அழுகி, அம்மோனியாவாகத் தண்ணீருக்கே திரும்பும். அடியில் எதுவும் போடாத தொட்டியில் அதே கழிவு கண்முன் கிடக்கும். டியூப் வைத்து இரண்டு நிமிடத்தில் உறிஞ்சி எடுத்துவிடலாம். சென்னை கொளத்தூர்ப் பக்கம் மீன் பெருக்குகிறவர்கள் குஞ்சுத் தொட்டிகளை வெறும் அடியோடு வைத்திருப்பதும் இதற்காகத்தான்.

எல்லா மீனுக்கும் இது பொருந்தாது. கோரிடோரஸ் மீசையால் மணலைத் துழாவித் தீனி தேடும் மீன். நம் ஊர் அயிரை மணலில் புதைந்து ஒளிவது. ஜியோஃபேகஸ் மணலை வாயில் அள்ளிச் சலித்துத் தின்பது. இவற்றை வெறும் கண்ணாடியில் விடுவது அவற்றின் இயல்பையே பறிப்பதாகும். அப்படிப்பட்ட மீன் வேண்டுமென்றால் மெல்லிய மணல் போடுங்கள். இந்தக் கட்டுரை உங்களுக்கு வேண்டாம்.

வெறும் கண்ணாடியை ஏன் அப்படியே விடக் கூடாது

தொட்டியைத் தெர்மாகோல் மேல் வைத்துத் தண்ணீர் நிரப்பி, பக்கவாட்டிலிருந்து சாய்வாக அடியைப் பாருங்கள். வெள்ளித் தகடுபோல மின்னும். காரணம், கண்ணாடிக்கும் தெர்மாகோலுக்கும் நடுவே மெல்லிய காற்றுப் படலம் இருக்கிறது. தண்ணீரிலிருந்து சாய்வாக வரும் ஒளி, செங்குத்திலிருந்து ஏறக்குறைய 49 டிகிரிக்கு மேல் சரிந்திருந்தால், அந்தக் காற்றுப் படலத்துக்குள் போக முடியாமல் முழுதாகத் திரும்பிவிடும். அடிக்கு அருகில் நீந்தும் மீனின் கண்ணுக்குத் தரை முழுவதும் கண்ணாடிதான். ஃபிளவர்ஹார்ன் அதில் தெரியும் தன் உருவத்தோடு சண்டைக்கு நிற்கும். டிஸ்கஸ் மூலையில் ஒண்டிக்கொண்டு தீனி எடுக்காது. புதிதாக விட்ட மீன் பயந்து கறுத்துப்போவதில் இதற்கும் பங்கு உண்டு.

அடியில் கறுப்பு சார்ட் பேப்பர் வைத்தால் போதுமே என்று தோன்றும். போதாது. பேப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவிலும் காற்று இருக்கிறது, பளபளப்பு அப்படியே நிற்கும். பெயின்ட் கண்ணாடியோடு ஒட்டிப்போகிறது, காற்றுக்கு இடமில்லை. ஒளி பெயின்ட்டுக்குள் இறங்கிவிடும், கண்ணாடி தரையாகிவிடும். பசையுள்ள வினைல் ஸ்டிக்கரும் இதே வேலையைச் செய்யும். ஆனால் ஒட்டும்போது ஒரு குமிழி மாட்டினாலும் அந்த இடம் மட்டும் வெள்ளிக்காசுபோல மின்னிக்கொண்டே இருக்கும்.

பெயின்ட் எப்போதும் வெளிப்பக்கம்தான். தொட்டிக்கு உள்ளே அடிக்காதீர்கள். சுவர் எமல்ஷனில் பூஞ்சை பிடிக்காமலிருக்க மருந்து கலந்திருக்கும். எனாமலில் கரைப்பான் இருக்கும். இவை தண்ணீரில் கசியலாம் என்பது ஒரு கவலை. அதைவிட, நீரில் ஊறிய பெயின்ட் சில வாரத்தில் தோல்போல உரிந்து மிதக்கும் என்பது நிச்சயம். சிமென்ட் தொட்டிக்கும் ப்ளைவுட் தொட்டிக்கும் உட்புறம் பூச வேண்டி வரும். அதற்குக் குடிநீர்த் தொட்டிக்கான எபாக்ஸி தனியாக உண்டு, அது வேறு வேலை.

என்ன நிறம்

கறுப்பு பெரும்பாலோருக்குச் சரிவரும். சிவப்பும் ஆரஞ்சும் கறுப்பின் மேல் ஆழமாகத் தெரியும், மீனும் கலங்காமல் இருக்கும். மீன்கள் தரையின் நிறத்துக்கேற்பத் தோல் நிறத்தை அடர்த்தியாக்கவோ வெளிறச் செய்யவோ கூடியவை. வெள்ளை அடியில் பல நாள் இருந்த மீன் வெளிறிப்போவது அதனால்தான். சிவப்பு அரோவனாவுக்குக் கறுப்பு நன்றாக அமையும்.

டிஸ்கஸில் மட்டும் யோசிக்க வேண்டும். பிஜன் பிளட் வழியில் வந்த ரகங்களுக்குக் கறுப்பு அடி வைத்தால், உடம்பில் மிளகு தூவியதுபோலக் கரும்புள்ளி ஏறும். அவற்றுக்கு வெளிர் நீலமோ சந்தன நிறமோ அடியுங்கள். சுத்த வெள்ளையும் வேண்டாம்: விளக்கு வெளிச்சத்தைத் திருப்பி அடித்து மீனின் கண்ணைக் கூசவைக்கும். சாதாரணக் கண்ணாடிக்கே லேசான பச்சைச் சாயல் உண்டு என்பதால் வெள்ளை பச்சையாகவும் தெரியும். வெளிர் நிறம் எதுவானாலும் முதலில் ஒரு சிறிய கண்ணாடித் துண்டில் அடித்து, மறுபக்கமிருந்து பார்த்து முடிவு செய்யுங்கள். டப்பாவில் தெரியும் நிறமும் கண்ணாடி வழியே தெரியும் நிறமும் ஒன்றல்ல.

மேட்டா கிளாஸா என்று கடையில் கேட்பார்கள். எது வாங்கினாலும் ஒன்றுதான். நாம் பார்ப்பது கண்ணாடியின் பரப்பை, பெயின்ட்டின் மேற்பரப்பை அல்ல.

எந்தப் பெயின்ட், எவ்வளவு

கணக்குக்கு 3 அடி நீளம், 1½ அடி அகலம், 1½ அடி உயரம், 8 எம்.எம். கண்ணாடித் தொட்டியை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு சுமார் 190 லிட்டர். அடி 4½ சதுர அடி, முதுகுப்பக்கமும் அதே 4½. நான்கு பூச்சு என்றால் மொத்தம் 36 சதுர அடி. இதற்கு 400 மி.லி. அளவில் பெயின்ட் போதும். எமல்ஷன் பெரும்பாலும் 1 லிட்டர் டப்பாவில்தான் கிடைக்கும்; மிச்சத்தை மூடி வைத்தால் கீறல் விழும்போது தொட்டு அடிக்க உதவும்.

தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் எமல்ஷன் வீட்டு வேலைக்கு எளிது. நாற்றம் குறைவு, கையைச் சோப்பில் கழுவலாம், நிறம் மாற்ற வேண்டுமென்றால் பிளேடால் சுரண்டி எடுத்துவிடலாம். அதன் குறை, அழுத்தமும் ஈரமும் சேர்ந்தால் இளகும். எண்ணெய் எனாமல் இறுகக் காய்ந்தபின் ஈரத்துக்கு அசையாது; ஆனால் காய நாளாகும், எடுப்பதும் பாடு. வெளிர் நிற எனாமல் வெளிச்சம் படாத இடத்தில் மஞ்சளாகும் குணம் உடையது. ஆகவே இப்படி வைத்துக்கொள்ளலாம்: தினமும் தண்ணீர் மாற்றி, அடிக்கடி சிந்த வாய்ப்புள்ள கறுப்புத் தொட்டிக்கு அடியில் எனாமல். மற்ற எல்லாவற்றுக்கும் எமல்ஷன்.

சுவருக்கு அடிக்கும்போது எமல்ஷனில் தண்ணீர் கலப்பார்கள். கண்ணாடிக்குக் கலக்கக் கூடாது, கலந்தால் திட்டுத் திட்டாகப் பிரிந்து நிற்கும். பிரைமரும் தேவையில்லை, பிரைமர் அடித்தால் உள்ளிருந்து தெரிவது பிரைமரின் வெள்ளைதான்.

கூடவே வேண்டியவை: 4 அங்குல ஃபோம் ரோலர், ஒரு டிரே, ஓரங்களுக்கு 1 அங்குலப் பிரஷ், மாஸ்கிங் டேப், பழைய நியூஸ்பேப்பர், ஒற்றை முனை பிளேடு, வினிகர், ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால், நூல் உதிராத பருத்தித் துணி, ஒரு டார்ச். துணிநூல் ரோலர் வாங்காதீர்கள். அதன் மயிரிழைகள் பெயின்ட்டில் மாட்டிக்கொள்ளும்.

தொட்டியைக் கவிழ்த்து, தயார் செய்வது

8 எம்.எம். தொட்டி வெறுமையாகவே 33 கிலோவுக்குக் குறையாது. இரண்டு பேர் தூக்க வேண்டும். மேல் விளிம்பில் ஒட்டிய பட்டைக் கண்ணாடியைப் பிடித்துத் தூக்கக் கூடாது, அது எடை தாங்க ஒட்டியதல்ல. அடிக்கண்ணாடியில் கை கொடுத்துத் தூக்கி, மெத்தையிலோ நான்காக மடித்த போர்வையிலோ வாய்ப்புறம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வையுங்கள்.

வேலைக்கு நிழலும் காற்றும் உள்ள இடம் வேண்டும். மொட்டை மாடி வெயிலில் கண்ணாடி சூடேறியிருந்தால், ரோலர் இரண்டாவது முறை போகுமுன்பே பெயின்ட் ஆடை கட்டி இழுபடும். மீன் இருக்கும் அறையில் எனாமலோ ஸ்ப்ரே பெயின்ட்டோ அடிக்கவே கூடாது. ஏர் பம்ப் அந்த அறைக் காற்றைத்தான் உறிஞ்சித் தண்ணீருக்குள் அனுப்புகிறது. தின்னர் வாடை அப்படியே மீனின் செவுளுக்குப் போகும்.

பழைய தொட்டியானால் அடியில் ஒட்டிய தெர்மாகோல் துணுக்குகளை நனைத்து, பிளேடைப் படுக்கவைத்துச் சுரண்டுங்கள். போர் தண்ணீரின் வெள்ளை உப்புக்கறையில் வினிகர் நனைத்த துணியைக் கால் மணி நேரம் போட்டு வைத்தால் கரைந்து வரும். அடுத்தது சிலிக்கான். தொட்டி கட்டும்போது பிதுங்கி வெளிப்பரப்பில் பரவிய மெல்லிய சிலிக்கான் கண்ணுக்குத் தெரியாது, விரல் நுனியில் ரப்பர்போல உரசும். அதன் மேல் எந்தப் பெயின்ட்டும் நிற்காது. பரப்பில் உள்ளதை மட்டும் பிளேடால் எடுங்கள். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே இருக்கும் சிலிக்கானில் பிளேடு இறங்கினால் தொட்டி கசியும்.

பிறகு கண்ணாடி முழுவதையும் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் இரண்டு முறை துடையுங்கள். சில சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் எண்ணெய் கலந்திருக்கும், அது படலம் விடும். துடைத்தபின் வெறுங்கையால் தொடாதீர்கள். பக்கக் கண்ணாடிகளில் விளிம்பை ஒட்டி மாஸ்கிங் டேப் ஒட்டி, டேப்பின் ஓரத்தை நகத்தால் அழுத்தித் தேய்த்துவிட்டு, அதற்குக் கீழே பேப்பர் கட்டிவிடுங்கள்.

முதல் பூச்சு

இந்த வேலையில் கவனமெல்லாம் இங்கேதான் போக வேண்டும். சுவரில் கடைசிப் பூச்சுதான் கண்ணுக்குத் தெரியும். முதல் பூச்சில் தவறு செய்தாலும் அடுத்தது மறைத்துவிடும். கண்ணாடியில் எல்லாம் தலைகீழ். தொட்டிக்குள்ளிருந்து பார்க்கும்போது தெரிவது முதல் பூச்சு மட்டுமே. அதில் மாட்டிய தூசி, மயிரிழை, விரல்ரேகை, குமிழி எதுவானாலும் தொட்டி உள்ளவரை தெரியும். பின்னால் எத்தனை பூச்சு போட்டாலும் மறையாது. அடுத்த பூச்சுகளின் வேலை ஒளி ஊடுருவாமல் தடுப்பது மட்டும்தான்.

அதனால் அடிக்கும் முன் தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்குங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். பெயின்ட்டை மெதுவாகக் கிளறுங்கள். வேகமாக அடித்தால் நுரை வரும், நுரை கண்ணாடியில் ஊசித்துளைகளாக மாறும். பழைய டப்பாவானால் மெல்லிய துணியில் வடிகட்டுங்கள்.

ரோலரை டிரேயில் உருட்டி, சொட்டாத அளவுக்கு மட்டும் எடுத்து, நீளவாக்கில் ஒரே திசையில் மெல்லியதாக உருட்டுங்கள். முதல் பூச்சு பார்க்க மோசமாக இருக்கும். புள்ளிப் புள்ளியாக, பாதி தெரியும் பாதி தெரியாது. அப்படித்தான் இருக்க வேண்டும். அழகாக்க நினைத்து ஈரத்தின் மேலேயே மறுபடி உருட்டினால், பாதி காய்ந்த பெயின்ட் சுருண்டு ரோலரோடு வந்துவிடும். ஒரு இடத்தில் இரண்டு முறைக்கு மேல் ரோலர் போகக் கூடாது. எங்காவது பெயின்ட் நிற்காமல் வட்டமாக ஒதுங்கினால் அங்கே எண்ணெயோ சிலிக்கானோ இருக்கிறது என்று பொருள். முழுவதையும் ஈரமாக இருக்கும்போதே துடைத்து எடுத்து, அந்த இடத்தைச் சுத்தம் செய்து, மறுபடி தொடங்குங்கள். ஐந்து நிமிட நஷ்டம்தான்.

வெயில் காலத்தில் 2 மணி நேரம், மழைக்காலத்தில் 4 மணி நேரம் காயவிட்டு, இரண்டாவது பூச்சை அகலவாக்கில் அடியுங்கள். மூன்றாவது மீண்டும் நீளவாக்கில். எனாமலுக்கு இடைவெளி 8 முதல் 12 மணி நேரம். ஒவ்வொரு பூச்சும் மெல்லியதாக இருக்கட்டும். தடிமனாக ஒரே பூச்சில் முடித்தால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் தங்கும், எடை ஏறியதும் வழுக்கும். மூன்றாவது காய்ந்ததும் இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, தொட்டியின் உட்புறமிருந்து டார்ச் அடியுங்கள். ஊசித்துளைகள் நட்சத்திரம்போலத் தெரியும். அவற்றைப் பிரஷ்ஷால் தொட்டுவிட்டு நான்காவது பூச்சு.

கடைசிப் பூச்சு முழுதாகக் காயும் முன்னரே டேப்பைப் பின்பக்கமாக மடக்கி மெதுவாக உரியுங்கள். காய்ந்தபின் இழுத்தால் ஓரத்துப் பெயின்ட்டும் தோலாக வரும். மறந்துவிட்டால், டேப்பின் விளிம்போடு பிளேடால் ஒரு கோடு போட்ட பிறகு இழுங்கள்.

முதுகுக் கண்ணாடிக்கும் இதே முறை. தொட்டியில் ஏற்கெனவே தண்ணீரும் மீனும் இருந்தால் முதுகுப்பக்கம் மட்டும் எமல்ஷன் அடிக்கலாம். அடியை ஒன்றும் செய்ய முடியாது. தண்ணீரோடு தொட்டியைத் தூக்குவதோ சாய்ப்பதோ நினைத்தும் பார்க்க வேண்டாம், அரை அடித் தண்ணீர் இருந்தாலும் ஒட்டுகள் விட்டுவிடும்.

நிமிர்த்தி வைப்பது

தொட்டால் காய்ந்ததுபோல இருக்கும் பெயின்ட், 200 கிலோவுக்கு மேல் எடை அழுத்தும்போது காய்ந்ததாக இருக்காது. எமல்ஷனுக்கு 7 நாள், எனாமலுக்கு 10 முதல் 14 நாள் கவிழ்த்த நிலையிலேயே விடுங்கள். அவசரப்பட்டு வைத்தால் பெயின்ட் தெர்மாகோலோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு என்றைக்காவது தொட்டியைத் தூக்கும்போது பாதி அடி அங்கேயே தங்கிவிடும்.

ஸ்டாண்டு மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். அதன் மேல் 12 எம்.எம். தெர்மாகோல், அதற்கு மேல் சுருக்கமில்லாமல் ஒரு பாலிதீன் ஷீட், அதன் மேல் தொட்டி. பாலிதீனில் பெயின்ட் ஒட்டாது. ரெக்சினோ பி.வி.சி. மேட்டோ போடாதீர்கள், அவற்றிலுள்ள மென்மையூட்டி பெயின்ட்டை இளக்கிப் பிசுபிசுப்பாக்கும். தெர்மாகோலில் ஒரு மணல் துகள்கூட இல்லாமல் துடையுங்கள். அது பெயின்ட்டைக் கீறுவதோடு, கண்ணாடி விரிசலுக்கும் காரணமாகலாம்.

உள்ளே வைப்பவை

மணலும் கல்லும் இருந்தால் அவற்றின் பரப்பெல்லாம், அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் நல்ல பாக்டீரியாவுக்கு வீடு. வெறும் அடியில் அந்த வீடு இல்லை. எல்லாப் பொறுப்பும் ஃபில்டர் மேல் விழுகிறது. 190 லிட்டருக்கு மணிக்கு 1000 லிட்டர் ஓட்டும் கேனிஸ்டரோ டாப் ஃபில்டரோ வேண்டும், உள்ளே செராமிக் ரிங் நிறைய இருக்க வேண்டும். கூடவே ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் கட்டாயம் வையுங்கள். மின்வெட்டில் பேட்டரி ஏர் பம்ப்பில் அது மட்டும் ஓடினாலும் மீன் தப்பிக்கும். அதைப் பக்கக் கண்ணாடியிலிருந்து 3 அங்குலம் தள்ளி வைத்தால் பின்னால் டியூப் போக வழியிருக்கும்.

ஃபில்டரிலிருந்து வரும் நீரைப் பின்பக்க மூலையிலிருந்து நீளவாக்கில் விடுங்கள். தண்ணீர் தொட்டியைச் சுற்றி ஓடும், கழிவு ஓட்டம் தளரும் ஒரு இடத்தில் குவியும். அந்த இடம் எது என்று மீன் விடும் முன்பே தெரிந்துகொள்ளலாம்: பத்து மூழ்கும் பெல்லட்டைப் போட்டு அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். முன்பக்க மூலையில் குவியும்படி நீர் வரும் வாயைத் திருப்பிச் சரிசெய்துகொண்டால், தினசரி வேலை பாதியாகக் குறையும். பார்த்தபின் பெல்லட்டுகளை எடுத்துவிடுங்கள்.

அலங்காரத்துக்கு வைக்கும் கல்லின் கூர்முனை நேரே கண்ணாடியில் நிற்கக் கூடாது. மணல் மெத்தை இல்லாததால் மொத்த எடையும் ஒரு புள்ளியில் இறங்கும். கல்லின் அடியில் மூன்று பொட்டு சிலிக்கான் வைத்து, காயவிட்டு வையுங்கள். மரக்கட்டை மிதந்தால் கிரானைட் துண்டில் ஸ்குரூ போட்டு மாட்டலாம். கடப்பா கல் கறுப்பாக அழகாக இருக்கும், ஆனால் அது சுண்ணாம்புக்கல் வகை. ஆர்.ஓ. தண்ணீர் கலந்து டிஸ்கஸ் வளர்க்கும் தொட்டியில் அது மெல்லக் கரைந்து கடினத்தன்மையை ஏற்றும். செடி வேண்டுமென்றால் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டும் கட்டையில் நூலால் கட்டினாலே வளரும். ஹீட்டரை அடிக்கண்ணாடியில் படுக்கவைக்காதீர்கள்.

அடியின் மேல் டைல்ஸ் பதிக்கும் வழக்கம் இருக்கிறது. டைல்ஸுக்கு அடியில் கழிவு புகுந்து அழுகும். மணல் போட்டதைவிட மோசம்.

தினமும், வாரமும்

புதுத் தொட்டியில் பாக்டீரியா நிலைகொள்ள 4 முதல் 6 வாரம் ஆகும். வெறும் அடித் தொட்டியில் இந்தக் காலம் மிக நெருக்கடியானது. ஓடிக்கொண்டிருக்கும் வேறு தொட்டியின் ஸ்பாஞ்சைக் கொண்டுவந்து வைத்தால் பெரிதும் குறையும். அதுவரை டெஸ்ட் கிட்டில் அம்மோனியா 0.25 பி.பி.எம். (லிட்டருக்கு 0.25 மில்லிகிராம்) காட்டினாலே கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள். பல வீடுகளின் போர் தண்ணீர் காரத்தன்மை கொண்டது. பி.எச்.சும் வெப்பமும் ஏற ஏற, அதே அளவு அம்மோனியா அதிக நஞ்சாகும்.

தீனி போட்டு 20 நிமிடம் கழித்து மிச்சத்தை எடுத்துவிடுங்கள். இதற்கு அரை அங்குல டியூபின் முனையில் ஒன்றரை அடி நீளக் கெட்டியான பிளாஸ்டிக் குழாயைச் செருகிக்கொண்டால் போதும். மேயும் மீனைத் தொந்தரவு செய்யாமல், எழுதுகோல் பிடித்ததுபோலக் குவியலை மட்டும் தொட்டு எடுக்கலாம். டியூபை வாயால் உறிஞ்ச வேண்டாம். அதைத் தண்ணீர் நிரப்பி விரலால் அடைத்து, மறுமுனையைப் பக்கெட்டில் விட்டால் தானே ஓடும். பக்கெட்டின் அடியில் வெளிர் நிறம் இருந்தால் குஞ்சு மீன் ஏதும் வந்துவிட்டதா என்பது உடனே தெரியும்.

இரண்டு மூன்று நாளில் அடிக்கண்ணாடியில் வழுவழுப்பான ஒரு படலம் வரும். டியூபால் அது போகாது. வாரத்துக்கு இரண்டு முறை, சோப்பே படாத ஒரு ஸ்பாஞ்சால் அடி முழுவதையும் துடைத்து, கால் மணி நேரம் அடங்கவிட்டு, பிறகு உறிஞ்சுங்கள். துடைத்தவுடனே உறிஞ்சினால் பாதி தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும். ஓரங்களில் கெட்டியான பாசிக்குப் பழைய ஏ.டி.எம். கார்டு போதும். மூலைச் சிலிக்கானில் பிளேடு வேண்டாம்.

தண்ணீர் மாற்றும் அளவு மீனைப் பொறுத்தது. வளர்ந்த கோல்டு ஃபிஷ், ஃபிளவர்ஹார்ன் தொட்டிக்கு வாரம் 40 முதல் 50 சதவீதம். டிஸ்கஸ் குஞ்சுக்கு தினமும் பாதி. கழிவை எடுத்துவிட்டோம், தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்று நினைத்து இதைத் தள்ளிப்போடாதீர்கள். நைட்ரேட் கண்ணுக்குத் தெரியாது. அதை 40 பி.பி.எம்.முக்குக் கீழே வைக்க வேண்டும். கோடையில் ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக ஊற்றுவது தண்ணீர் மாற்றுவதாகாது. உப்புகள் ஆவியாவதில்லை, ஊற்ற ஊற்ற டி.டி.எஸ்., அதாவது கரைந்த உப்புகளின் மொத்த அளவு, ஏறிக்கொண்டே போகும்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், லாரித் தண்ணீரில் சில நாள் மிக அதிகமாக இருக்கும். 10 கிராம் ஹைப்போ, அதாவது சோடியம் தயோசல்பேட் படிகத்தை, 100 மி.லி. தண்ணீரில் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் உள்ள 100 லிட்டர் தண்ணீருக்கு இதில் 7 மி.லி. தேவை; 15 மி.லி. வரை விட்டாலும் மீனுக்குக் கெடுதல் இல்லை. போர் தண்ணீரில் குளோரின் இல்லை, ஆனால் நிலத்தடியிலிருந்து வந்த நேரத்தில் ஆக்சிஜன் குறைவாகவும் கரியமில வாயு கூடுதலாகவும் இருக்கும். டிரம்மில் பிடித்து ஒரு இரவு ஏர் ஸ்டோன் போட்டு விடுங்கள். புதுத் தண்ணீரின் வெப்பம் தொட்டியிலிருந்து 2 டிகிரிக்கு மேல் வேறுபடக் கூடாது. மொட்டை மாடி டேங்கின் மதியத் தண்ணீரை நேரே விடுவது அதனால்தான் ஆபத்து.

ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள். குழாயடியில் பிழிந்தால் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். இரண்டு ஃபில்டரையும் ஒரே நாளில் சுத்தம் செய்யாதீர்கள். அடியில் மணல் உள்ள தொட்டி இந்தத் தவறைத் தாங்கிக்கொள்ளும், வெறும் அடித் தொட்டி தாங்காது. மறுநாளே அம்மோனியா ஏறி மீன் மேலே வந்து வாய் பிளக்கும்.

வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் வெறும் அடி பெரிய உதவி. மீனின் உடலிலிருந்து உதிரும் ஒட்டுண்ணி அடியில் ஒட்டிக்கொண்டுதான் பல நூறாகப் பிரிகிறது. மருந்தோடு சேர்த்து, தினமும் அடியைத் துடைத்து உறிஞ்சினால் அவற்றில் பெரும்பகுதி பிரியும் முன்பே வெளியே போய்விடும். அந்த நாட்களில் வேறு தொட்டிக்கு அதே டியூபையோ ஸ்பாஞ்சையோ கொண்டுபோகாதீர்கள்.

பெயின்ட்டில் வரும் பழுதுகள்

ஓரத்தில் வெள்ளியாக ஒரு திட்டு தெரிந்து, வாரத்துக்கு வாரம் பெரிதானால், தண்ணீர் கீழே இறங்கிப் பெயின்ட்டைக் கண்ணாடியிலிருந்து பிரிக்கிறது. சிந்திய தண்ணீரோ, மூடியில் சொட்டும் நீராவியோ, ஏர் டியூப் வழியே திரும்பி வடியும் நீரோ காரணமாக இருக்கும். ஏர் டியூபில் ஒரு செக் வால்வு மாட்டுங்கள். ஒயர்கள் பிளக்குக்குப் போகும் முன் ஒருமுறை கீழே தொங்கி ஏறட்டும். எங்கிருந்து நீர் வருகிறது என்று தெரியவில்லையென்றால், தொட்டியின் நான்கு ஓரத்திலும் டிஷ்யூ பேப்பர் வைத்து ஒரு இரவு விடுங்கள். டிஷ்யூ நனைந்த ஓரத்துச் சிலிக்கான் ஒட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அங்கே கசிவு என்றால் பெயின்ட்டைப் பற்றி யோசிக்காமல் தொட்டியை உடனே காலி செய்யுங்கள்.

முதுகுக் கண்ணாடியில் விழும் கீறலுக்கு மிச்சமிருக்கும் பெயின்ட்டைப் பிரஷ்ஷால் தொட்டு வைக்கலாம், மறுபக்கம் தெரியாது. அடியில் விழுந்த கீறலை, அடுத்த முறை தொட்டியைக் காலி செய்யும் வரை விட்டுவிடுங்கள். அதற்கு மேலே ஒரு அனுபியாஸ் கட்டையை நகர்த்தி வைத்தால் மீனுக்கு நிழலும் ஆயிற்று.